மூலும் மூலக்கூறும்: பௌதிக இரசாயனப் பாடநெறியின் பிறப்புக் குறித்துச் சில கருத்துக்கள்

பல்கலைக்கழகத்திற் பௌதிக இரசாயனத்தை முதன்முதலாகக் கற்கப் புகும் மாணவர், பிணக்குகள் எல்லாம் தீர்ந்துபோன ஒரு துறையினுள் நுழைவதாகவே எண்ணுவர். ஓர் அத்தியாயத்தில் வெப்பவியக்கவியல், அடுத்ததில் வாயுக்களின் இயக்கப்பண்புக் கொள்கை, அதன்பின் கரைசல்கள். இவற்றுள் முதலிரண்டும் ஒருகாலத்தில் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற நோக்குகளின் ஆயுதங்களாயிருந்தன என்பதற்குப் பாடநூலில் யாதொரு தடயமும் இல்லை. அணு என ஒன்று உண்மையில் உண்டா எனும் வினா இத்துறையின் தொட்டிலருகே எழுந்தது. அதனை நாம் மறந்துவிட்டோம். மறக்குமாறு கற்பிக்கப்பட்டோம் என்பதே பொருந்தும்.

1887ஆம் ஆண்டு வில்ஹெல்ம் ஒஸ்வால்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். வான்ட் ஹொவ்வுடன் இணைந்து அவர் இத்துறைக்கெனத் தொடங்கிய சஞ்சிகையும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. வான்ட் ஹொவ்வின் பிரசாரண அமுக்கம் பற்றிய கட்டுரையும், ஆரேனியஸின் மின்பகுபொருட் கூட்டப்பிரிகை பற்றிய கட்டுரையும் அதன் முதலாந் தொகுதியில் இடம்பெற்றன. ஆரேனியஸ் 1884இல் உப்சாலாவிற் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்குத் தாழ்ந்த தரமே கிடைத்திருந்தது. அவ்வேட்டின் பெறுமதியை உணர்ந்து, அவரைத் தேடி உப்சாலாவுக்கே சென்றவர் ஒஸ்வால்ட் ஆவார்.

இங்கேதான் முரண்பாடு தோன்றுகின்றது. நீரிற் கரைந்த சீனியைவிட, அதே மூல் அளவினதாகிய கறியுப்பு, ஐதான கரைசலில் நீரின் உறைநிலையை ஏறத்தாழ இருமடங்கு தாழ்த்துகின்றது. உப்பு இரு அயன்களாகப் பிரிகின்றது என ஆரேனியஸ் விளக்கினார். துணிக்கைகளின் தன்மையன்று, அவற்றின் எண்ணிக்கையே இங்கு கணக்கிற் கொள்ளப்படுகின்றது. எனினும் இக்கொள்கையைப் பரப்பிய ஒஸ்வால்டே, 1890களில், அணுக்கள் வெறும் வசதிக்கான கற்பனை என்றும், சக்தியே அடிப்படை என்றும் வாதிட்டார். 1895இல் லூபெக் நகரிற் கூடிய ஜேர்மன் விஞ்ஞானிகள் மாநாட்டில் விஞ்ஞானப் பொருள்முதல்வாதத்தை வெற்றிகொள்வது பற்றி அவர் உரையாற்றினார். அங்கு அவரை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் லுட்விக் போல்ட்ஸ்மன். கருத்திற் பகைவராயினும் இருவரும் நண்பர்கள். 1900இல் போல்ட்ஸ்மன் லைப்சிக்கிற் பதவியேற்றதில் ஒஸ்வால்டின் முயற்சிக்கும் பங்குண்டு. 1906இல் போல்ட்ஸ்மன் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்கு இவ்விவாதமே காரணம் எனச் சிலர் எழுதுவது மிகை. அவர் நெடுங்காலம் மனநோயால் வருந்தியவர்.

விவாதத்தைத் தீர்த்தது மேடையன்று, நுணுக்குக்காட்டி. ஐன்ஸ்டைன் 1905இல் பிரௌணியன் அசைவுக்குக் கணித விளக்கம் தந்தார். 1908 முதல் ஜோன் பெரின் பரிஸ் நகரில் ஒருவகை மஞ்சட் பிசினின் நுண்மணிகளை நீரில் மிதக்கவிட்டு, வெவ்வேறு உயரங்களில் அவற்றை எண்ணினார். (அப்பிசினைத் தரும் மரம் எமது சமையலிற் பயன்படும் கொறக்காவின் இனத்தைச் சேர்ந்தது.) மணிகளின் பரம்பலிலிருந்து அவகாதரோ எண்ணை அவர் கணித்தார். வேறு வழிகளாற் பெற்ற பெறுமானங்களும் அதனோடு நெருங்கிவந்தன. 1908 நவம்பரில், தமது பாடநூலின் நான்காம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், பதார்த்தத்தின் துணிக்கையியல்புக்குப் பரிசோதனைச் சான்று கிடைத்துவிட்டதென ஒஸ்வால்ட் ஏற்றுக்கொண்டார்.

லெனின் தமது 'பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்' எனும் நூலில் ஒஸ்வால்டின் சக்திவாதத்தைக் கண்டித்தமையை முற்போக்கு வாசகர் அறிவர். அந்நூல் வெளியானது 1909இல். அதற்கு முன்னரே ஒஸ்வால்ட் அணுவை ஏற்றுவிட்டார். அவரை மாற்றியது தத்துவ விமர்சனம் அன்று. இதனாற் கண்டனத்தின் தத்துவப் பெறுமதி குறைந்துவிடாது. எனினும் எமது எழுத்தாளர் சிலர் ஒஸ்வால்டைக் கருத்துமுதல்வாதி எனும் ஒரு சொல்லால் முடித்துவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. முதலாண்டு மாணவர் நாள்தோறும் பயன்படுத்தும் 'மூல்' எனும் அலகுப் பெயரை வழங்கியவரும் ஒஸ்வால்டே. அணுக்களை ஐயுற்ற காலத்தில் அவருக்கு அது மூலக்கூற்று நிறையைக் கிராமில் எடுத்த ஓர் அளவு மாத்திரமே; எதனையும் எண்ணுவதற்குரியதன்று. 1971இல் அது சர்வதேச அலகு முறையின் அடிப்படை அலகுகளுள் ஒன்றாயிற்று. 2019 மே 20 முதல் அதன் வரைவிலக்கணம் நிறையைச் சார்ந்ததன்று: சரியாக 6.02214076 × 10²³ துணிக்கைகள்.