குடும்ப ஓய்வூதியமும் வருமானவரியும்

உத்தியோகத்தில் இருக்கும்போதோ ஓய்வு பெற்ற பின்னரோ ஒருவர் காலமானால், அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ, அவர்கள் இல்லாதவிடத்து உரிமையுள்ள பிள்ளைகளுக்கோ மாதந்தோறும் அளிக்கப்படும் தொகை குடும்ப ஓய்வூதியம் எனப்படும். முன் தலைமுறையினர் பென்ஷனை உபகாரச் சம்பளம் என்றே வழங்கினர்; எனினும் இந்திய வருமானவரிச் சட்டத்தின் பார்வையில், உழைத்தவர் உயிரோடிருந்து வாங்கும்வரைதான் அது சம்பளம். சம்பளம் என்பதற்கு வேலை கொடுத்தவருக்கும் வேலை செய்தவருக்கும் உள்ள சம்பந்தம் வேண்டும், விதவைக்கு அச்சம்பந்தம் ஒருநாளும் இருந்ததில்லை என்ற நியாயத்தின்மேல், 1961ஆம் ஆண்டுச் சட்டம் அவள் பெறும் தொகையை வங்கி வட்டியோடு சேர்த்து 'இதர வருமானம்' என்னும் தலைப்பில் வைத்தது.

இது வெறும் பெயர் மாற்றமன்று. ஓய்வூதியர் ஒருவர் புதிய வரிமுறையில் நிலையான கழிவாக 75,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். அவர் மனைவிக்கு அந்தக் கழிவு இல்லை. அதற்கு ஈடாக 57ஆம் பிரிவு, பெற்ற தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஓர் உச்சவரம்பு, இவ்விரண்டில் எது குறைவோ அதைக் கழிக்க இடந்தருகிறது. உச்சவரம்பு பழைய முறையில் 15,000 ரூபாய், புதிய முறையில் 2024-25 நிதியாண்டு முதல் 25,000 ரூபாய். மாதம் 20,000 வீதம் ஆண்டுக்கு 2,40,000 பெறும் ஒருத்திக்கு மூன்றில் ஒரு பங்கு 80,000 ஆயினும், புதிய முறையில் கழிவது 25,000 மட்டுமே. மாதம் 3,000 பெறுபவளுக்கோ மூன்றில் ஒரு பங்கான 12,000தான் கழியும். மத்திய அரசு விதிகளின்படி சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதந்தான். வரவு சுருங்கும் வேளையில் கழிவும் சுருங்குவது எவ்வகைப் பரிவு என்பது விளங்கவில்லை. ஆயினும் வரம்புக்குட்பட்ட வருமானத்துக்குரிய வரித் தள்ளுபடியால், குடும்ப ஓய்வூதியம் ஒன்றையே நம்பியிருப்போரில் பெரும்பாலோர் வரி செலுத்த நேர்வதில்லை.

மொத்தமாக வரும் பணத்தின் கதி வேறு. சேமநல நிதியில் சேர்ந்திருந்த தொகைக்குப் பொதுவாக வரியில்லை. அரசு ஊழியரின் பணிக்கொடைக்கு முழு விலக்கும், மற்றவர்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை விலக்கும் உண்டு. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர் இறந்தபின் கணக்கை முடித்து நியமனதாரர் பெறும் தொகைக்கும் வரியில்லை. ஆனால் அப்பணத்தைக் கொண்டு மாதவருவாய்த் திட்டம் ஒன்றை வாங்கினால், பின்னர் வரும் மாதத்தொகை வரிக்குட்பட்டதே. போர்க்களப் பணி போன்ற செயற்பாட்டுக் கடமையில் உயிர்நீத்த படைவீரரின் குடும்ப ஓய்வூதியமும், பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா பெற்றோரின் குடும்ப ஓய்வூதியமும் முற்றிலும் விலக்குப் பெற்றவை. சொத்தே மரணத்தால் கைமாறுவதற்கு இந்தியாவில் வரி கிடையாது; 1953இல் வந்த மரணச் சொத்துவரி 1985இல் நீக்கப்பட்டது.

நடைமுறையில் தவறுகள் பெரும்பாலும் இரண்டு கணக்குகளை ஒன்றாகக் கலப்பதால் நேர்கின்றன. ஏப்ரல் 1 முதல் இறந்த நாள்வரை வந்த வருமானம் இறந்தவருடையது. அதற்குரிய விவரத்தை, வாரிசு தம்மைச் சட்டப் பிரதிநிதியாகப் பதிவு செய்துகொண்டு, இறந்தவரின் பான் எண்ணில் தாக்கல் செய்யவேண்டும். அதில் வரி பாக்கியிருந்தால் வாரிசின் பொறுப்பு அவருக்குக் கிடைத்த சொத்தின் அளவோடு நின்றுவிடும். மறுநாள் முதல் வருவது மனைவியின் வருமானம், அவர் பான் எண்ணுக்குரியது. மரணச் செய்தி எட்டாமல் வங்கி தொடர்ந்து வரவு வைத்த பழைய ஓய்வூதியம் பாஸ் புத்தகத்தில் இருந்தாலும் எவருடைய வருமானமுமன்று. திருப்பிச் செலுத்தவேண்டிய பணமாகும். சம்பளத்துக்குரிய வரிப்பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்துக்குப் பொருந்தாமையால், வரி வருமாயின் பெறுபவரே செலுத்தவேண்டும். ஒப்புதல் தாமதமாகிப் பல ஆண்டு நிலுவை ஒருசேர வந்தால், 89ஆம் பிரிவின்கீழ் நிவாரணம் கோரலாம். அதற்கு விவரம் தாக்கல் செய்யுமுன் 10ஈ படிவத்தைச் சமர்ப்பித்தல் அவசியம்.

இங்குக் கூறிய பிரிவெண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குரியவை. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது.