கடைசி இடத்து அணியும் ‘தகுதி’யும்

‘தகுதி’ என்ற சொல்லை நம் முன் நீட்டாத வாசல் இல்லை. அது எப்படி வேலைசெய்கிறது என்பதை 1947இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் என்ற பேஸ்பால் அணியிடம் பார்க்கிறோம்.

அவ்வாண்டு ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்திருந்தார். பிரௌன்ஸ் கடைசி இடத்தில் கிடந்தது, இருக்கைகள் காலி. கறுப்பின மக்கள் சீட்டு வாங்கி வருவார்கள் என்று கணக்குப் போட்டு, ஜூலையில் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பர் அணியிலிருந்து ஹாங்க் தாம்சனையும் வில்லார்ட் பிரௌனையும் எடுத்தார்கள். கதவைத் திறந்தது கல்லாப்பெட்டி.

ஆகஸ்ட் 13 அன்று, வெள்ளை வீரர் ஜெஃப் ஹீத் ஒதுக்கிப்போட்ட மட்டையை எடுத்து ஆடிய பிரௌன் ஹோம்ரன் அடித்தார். அமெரிக்கன் லீகில் கறுப்பர் ஒருவர் அடித்த முதல் ஹோம்ரன் அது. கைகொடுத்திருக்க வேண்டிய ஹீத், அந்த மட்டையைச் சுவரில் அடித்து உடைத்தார். தனிக் குவளை வைத்திருந்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பத்தே நாளில் இருவரும் நீக்கப்பட்டார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சொன்ன காரணமோ, தரம் போதாதாம்! தாம்சனின் மட்டையடிச் சராசரி .256, அணியின் சராசரியைவிட அதிகம். 59 வெற்றி, 95 தோல்வி என்று எட்டு அணிகளில் எட்டாவதாக முடித்தவர்கள் பேசிய தரம் இது.

தாம்சன் 1954இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியோடு உலகத் தொடரை வென்றார். பிரௌன் மோனார்க்ஸுக்கே திரும்பினார்; மேஜர் லீக் அவரை மறுபடி அழைக்கவில்லை. 2006இல் பேஸ்பால் புகழ்மன்றம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டபோது, அவர் இறந்து பத்தாண்டு ஆகியிருந்தது.