அடீனியம்

அடீனியம், பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்துக்கொண்டு பல்லாண்டு வாழும் சதைப்பற்றுச் செடி. நர்சரிகளில் ‘பாலைவன ரோஜா’ என்று விற்கிறார்கள். ஆனால் ரோஜாவுக்கும் இதற்கும் உறவில்லை. அரளியும் நித்தியகல்யாணியும் அடங்கிய அப்போசைனேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் வறண்ட நிலப்பகுதிகளும் அரேபியத் தீபகற்பத்தின் தென்பகுதியும் இதன் தாயகம். தாவரவியலாளர் லின்னேயசின் மாணவரான பீட்டர் ஃபோர்ஸ்கால் ஏமனில் தாவரங்களைச் சேகரித்துவந்தபோது 1763இல் காய்ச்சலால் இறந்தார். அவருடைய குறிப்புகள் 1775இல் நூலாக வந்தபோது இச்செடி அரளியின் பேரினத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. தனிப் பேரினமானது 1819இல்.

காட்டுச் செடியின் பூ இளஞ்சிவப்பு. ஐந்து இதழ், வெளிறிய தொண்டை. இன்று கிடைக்கும் அடர்சிவப்பு, மஞ்சள், கோடிட்ட வகைகளும் அடுக்கிதழ் வகைகளும் கலப்பினங்கள். இவற்றை உருவாக்கியதில் தாய்லாந்து, தைவான் வளர்ப்பாளர்களின் பங்கு பெரிது.

விதையில் முளைத்த செடிக்கு அடித்தண்டு அழகாகத் திரளும், பூவின் நிறத்துக்கு உறுதியில்லை. கிளையை வெட்டி நட்டால் நிறம் மாறாது, தண்டு அவ்வாறு திரளாது. இரண்டும் வேண்டுவோருக்கு வழி ஒட்டுக்கட்டுதல்தான். விதைச்செடியின் தண்டைக் கூரிய, சுத்தமான கத்தியால் மட்டமாக வெட்டி, அதே பருமனுள்ள கிளைத்துண்டைப் பொருத்தி, அசையாமல் கட்டி, பிளாஸ்டிக் உறையால் மூடி நிழலில் வைக்கிறார்கள். வெட்டுப்பரப்பில் நீர் படக்கூடாது. விதை சேகரிப்போர், கொம்புபோல் இரட்டையாகக் காய்க்கும் காயை முற்றுமுன் நூலால் சுற்றிவிடுவது வழக்கம். வெடித்தால் பஞ்சுமுனை கொண்ட விதைகள் காற்றோடு போய்விடும்.

இச்செடி வறட்சியால் சாவது அரிது. கவனிப்பு மிகுந்துதான் சாகிறது. தொட்டியில் ஆற்று மணல், செங்கல் துண்டு போன்றவை பாதியளவாவது இருக்க வேண்டும். எஞ்சியதற்குச் செம்மண்ணும் மக்கிய எருவும் போதும். மண் காய்ந்தபின்பே நீர். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் தண்டு நீண்டு, பூ குறையும். தமிழ்நாட்டு மொட்டைமாடி வெயில் இதற்கு மிகப் பொருத்தம். வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. அப்போது மழைச்சாரல் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்துவது நல்லது.

அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் நிலை தெரியும். கெட்டியாக இருந்தால் நலம். மண் காய்ந்து தண்டு தளர்ந்திருந்தால் தாகம். ஈரமண்ணில் தண்டு கொழகொழத்தால் அழுகல். அழுகிய செடியைப் பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கி, பூஞ்சைக்கொல்லி தடவி, காயம் உலரும்வரை நிழலில் வைத்து மறுபடி நடலாம். மேற்பகுதி உறுதியாக இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. மறுநடவின்போது அடித்தண்டைச் சற்று மேலே தூக்கி நட்டால் பருத்த வேர்கள் வெளியே தெரியும். போன்சாய் வளர்ப்போர் விரும்புவது இந்தத் தோற்றத்தையே.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். அரளியைத் தின்னும் பருந்து அந்துப்பூச்சியின் பச்சைப் புழு இதையும் விடாது. ஓரிரு நாளில் இலைகளை மொட்டையாக்கிவிடும். கையால் பொறுக்கி எடுப்பதே எளிது.

செடி முழுவதும் நஞ்சு. இதயத்தைப் பாதிக்கும் இதன் சாற்றை ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்புமுனையில் தடவினர். கவாத்து செய்யும்போது கையுறை அணிய வேண்டும். குழந்தைகளும் ஆடு, நாய், பூனைகளும் எட்டாத இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும்.