அகவல் பிறந்த கதை

விக்கிரமங்கலம் பக்கத்து வயல்களில் மயில் அகவாது, கத்தும். ஆடு, மாடு, பூனை, தவளை, காக்கா எல்லாமே கத்தும். நாய் கொலைக்கும், சேவல் கூவும், அவ்வளவுதான். மயில் அகவுவதும் காகம் கரைவதும் பள்ளிக்கூட மரபுச்சொல் பட்டியலோடு சரி. அந்தப் பட்டியலிலும் ஆட்டுக்குக் ‘கத்தும்’ என்றுதான் போட்டிருக்கும். ஊர்ப்பேச்சுக்கு அங்கே ஒரு சின்ன வெற்றி.

பட்டியலைத் தொல்காப்பியத்தில் தேடிப் பயனில்லை. அதன் மரபியல் என்ற இயல் விலங்குகளுக்குச் சொல்வது இளமைப் பெயர்களையும் ஆண், பெண் பெயர்களையும்தான். ஒலிச்சொற்களுக்குத் தனித் தொகுதி ஒதுக்கியது திவாகர நிகண்டு.

சொற்களோ நிகண்டுக்கும் முந்தியவை. அகவு என்றால் அழை. சங்க காலத்தில் குறி சொல்லும் பெண்ணுக்கு அகவன்மகள் என்று பெயர். தெய்வத்தை அழைத்துப் பாடுகிறவள். ஔவையார் பாடிய குறுந்தொகை 23ஆம் பாட்டில் அவள் வருகிறாள். தலைவனுடைய குன்றத்தைப் பாடினாளே, அதையே இன்னொரு முறை பாடச் சொல்கிறாள் தோழி. ஆசிரியப்பாவின் ஓசைக்கும் அகவல் என்றே பெயர். வள்ளலார் 1872இல் எழுதிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடி ஓடுகிறது. மயிலின் குரலிலிருந்துதான் பாட்டுக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள். எனக்கென்னவோ, மனிதர் அழைக்கும் சொல்லைத்தான் மயிலுக்கும் கொடுத்தார்கள் என்று படுகிறது.

கரைதலைப் பார்த்தால் இந்த எண்ணம் இன்னும் வலுக்கிறது. அதற்கும் அழைத்தல் என்றே பொருள். திருக்குறளின் 527ஆம் குறளில் காக்கை இரையை மறைக்காமல் இனத்தைக் கூப்பிட்டு உண்கிறது. குறுந்தொகை 210இல் அது விருந்து வருவதை முன்கூட்டிச் சொல்கிறது. பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்ததும் தோழியைப் பாராட்ட, அவளோ பாராட்டெல்லாம் காக்கைக்கே என்கிறாள்: தொண்டி நெல்லுச் சோற்றில் வள்ளல் நள்ளியின் காட்டு நெய்யை ஊற்றி ஏழு கலத்தில் வைத்தாலும் அதற்குக் குறைவுதானாம். பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. வாசலில் காக்கா கத்தினால் யாரோ வரப்போகிறார்கள் என்று இன்றும் சொல்கிறோம். நம்பிக்கை தங்கிவிட்டது, வினைச்சொல்தான் மாறிவிட்டது.

கூவு மட்டும் இன்னும் இரண்டு பக்கமும் புழங்குகிறது. விடிகாலையில் சேவல் கூவும். கொஞ்ச நேரத்தில் கீரைக்காரம்மாவும் தெருவில் கூவிக்கொண்டு வருவார்.