கீபோர்டின் பதிவு நினைவகம்

கீபோர்டில் செய்துவைத்த அமைப்புகளை ஒட்டுமொத்தமாகச் சேமித்து, வேண்டும்போது ஒரே பொத்தானில் வரவழைக்கும் வசதி பதிவு நினைவகம் எனப்படும். தேர்ந்த வாத்திய ஒலி, தாளப்பாணி, வேகம், ஒலியளவுகள், இடக்கைக்கும் வலக்கைக்கும் வெவ்வேறு வாத்தியம் ஒதுக்கும் பிரிப்பிடம், சுருதி மாற்றம் ஆகியவை ஒரு பதிவில் அடங்கும். யமஹா பிஎஸ்ஆர்-இ453 கீபோர்டில் வங்கிக்கு 4 வீதம் 8 வங்கிகளில் 32 பதிவுகள் வைக்கலாம். அமைப்பைச் சரிசெய்தபின் நினைவகப் பொத்தானை அழுத்தியபடி ஓர் எண்ணைத் தொட்டால் அது பதிவாகும். அந்த எண்ணில் முன்பு இருந்தது அழிந்துவிடும் என்பதால், எந்த எண்ணில் எது என்பதைத் தாளில் குறித்து வைப்பது அவசியம்.

பாடகருக்குப் பக்கவாத்தியமாக வாசிப்பவர் முதலில் பதிய வேண்டியது வாத்திய ஒலியை அல்ல, சுருதியையே. கோயில் பஜனையிலும் தமிழ்மொழித்தினப் போட்டி மேடையிலும் அடுத்தடுத்து வருபவர்களின் சுருதி ஒன்றாக இராது. 1 கட்டையில் விரல் பழகியவர், 5 கட்டையில் பாடுபவருக்குச் சுருதி மாற்றத்தை +7 அல்லது −5 என வைத்தால் போதும். 2 கட்டைக்கு +2, 4½ கட்டைக்கு +6. சுருதிக்கு ஓர் எண் ஒதுக்கினால், பாடகர் மாறும் இடைவெளியில் தேடித் திணற வேண்டியதில்லை.

இதைவிட நுட்பமானது சுர அளவுத் திருத்தம். வழக்கமான கீபோர்ட் ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்களாகக் கொண்டு 12 சம பங்காகப் பிரிக்கிறது. தம்பூரா ஒலியோடு இயல்பாக இணையும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386 சென்ட். கீபோர்டிலோ அது 400. சங்கராபரணத்துக்குக் காந்தாரத்தை 14, தைவதத்தை 16, நிஷாதத்தை 12 சென்ட் இறக்கினால் சுரங்கள் ஆதார சட்ஜத்தோடு ஒட்டும். யமஹாவின் பிஎஸ்ஆர்-எஸ் வரிசையில் இந்தத் திருத்தத்தையும் பதிவோடு சேர்க்கலாம். ஆதார சுரத்தைத் தவறாகக் குறித்தால் திருத்தம் வேறு சுரங்களில் போய் விழும்.

மட்டக்களப்பு வாவிப் பகுதியில் இந்தச் சுருதிக் கணக்குக்கு ஆழமான வேர் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் யாழ்களின் சுருதி அளவுகளைக் கணித முறையில் ஆராய்ந்து யாழ் நூலை எழுதினார். அது 1947இல் அரங்கேறியது. அவரது சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் கல்லடியிலேயே இயங்குகிறது. சுருதிப் பாடத்தை ஏட்டுக் கணக்காக விடாமல், திருத்தியதும் திருத்தாததுமான இரு பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கச்செய்து காதால் உணர்த்தக் கீபோர்ட் மிகப் பொருத்தமான கருவி.

ஆயினும் கமகத்தை எந்தப் பதிவாலும் தர முடியாது. அசையாத சுரத்தை மட்டுமே திருத்தம் செம்மையாக்கும்; தோடியின் காந்தார அசைவுக்குச் சுருதி வளைவுச் சக்கரமும் பழகிய கையும் வேண்டும்.

சில மாதிரிகளில் உறைநிலை வசதி உண்டு. அதில் வேகத்தை உறையவைத்தால், எண்ணை மாற்றும்போது வாத்திய ஒலி மாறினாலும் ஓடும் தாளத்தின் வேகம் மாறாது. பதியாத அமைப்புகள் மின்சாரம் நின்றதும் மறையும், பதிந்தவை நிலைக்கும். சேமிப்பு நடக்கையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் தரவு பழுதாகலாம். தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் பதிவுகள் நீங்கக்கூடும் என்பதால், யூஎஸ்பி வசதியுள்ள கீபோர்ட்களில் அவற்றின் நகலை வெளியே எடுத்து வைப்பது வழக்கம்.