சத்திரசிகிச்சையும் பாரிசவாதமும்: வன்னியில் நின்று ஒரு வரலாற்றுப் பார்வை

1798ஆம் ஆண்டு. மாட்டுக் கொம்பு குத்திக் கழுத்துக் கிழிந்த ஒருவரை லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ வைத்தியசாலைக்குத் தூக்கி வந்தார்கள். பட்டியடைக்கும் ஊர்களில் இன்றைக்கும் நடக்கக்கூடிய விபத்துத்தான். பீறிட்ட குருதியை நிறுத்த வேறு வழியில்லாமல், ஜோன் அபர்நெதி என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் கழுத்து நாடியை நூலால் இறுக்கிக் கட்டினார். குருதி நின்றது. ஆனால் கொஞ்ச நேரத்தில் நோயாளி பிதற்றத் தொடங்கினார். உடலின் ஒரு பக்கம் விழுந்தது. உயிர் இரண்டு நாள் தாண்டவில்லை.

அதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு முன்னர், 1552இல், பிரெஞ்சுப் படை வைத்தியர் அம்புரோவாஸ் பாரே காயப்பட்ட போர்வீரர் ஒருவரின் கழுத்து நாடியைக் கட்டியிருந்தார். அந்த வீரர் பிழைத்தார். பேச்சும் ஒரு பக்கக் கை காலும் போயின. 1805இல் ஆஸ்ட்லி கூப்பர் இதே நாடியில் வந்த வீக்கத்துக்காகக் கட்டுப்போட்ட முதல் நோயாளி இறந்தார்; 1808இல் கட்டுப்போட்ட அடுத்தவர் 1821 வரை வாழ்ந்தார். ஒரே நாடி, ஒரே முடிச்சு, முடிவு மட்டும் வேறு. மூளையின் அடியில் நாடிகள் வளையமாக இணைந்திருப்பதுதான் காரணம். அந்த வளையம் முழுமையாக அமைந்தவருக்கு மற்றப் பக்கத்துக் குருதி சுற்றி வந்து மூளையைக் காப்பாற்றும். அமையாதவருக்கு அந்த முடிச்சே பாரிசவாதம்.

இந்த அறிவு தமிழுக்கு வரவும் அதிக காலம் செல்லவில்லை. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தார். துரூயிற்றின் சத்திரசிகிச்சைக் கைநூல் 1867இல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதற்குத் தெற்கேயும் தமிழில் படித்த ஒருவர் வெட்டுவதையும் தைப்பதையும் தன் மொழியில் கற்றுக்கொள்ளக்கூடிய நிலை 150 ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது. பின்வந்த தலைமுறைகள் அதைத் தொடராமல் விட்டது பெரிய இழப்பு. மயக்க மருந்துக்கு முன் நோயாளிக்குத் தமிழில் விளக்கி ஒப்பம் வாங்கும்போது அந்த இழப்பு இன்றும் தெரிகிறது.

பாரிசவாதத்தைக் கத்தியால் தடுக்கலாம் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பிறந்தது. பாரிசவாதம் பெரும்பாலும் மூளைக்குள்ளேயே தொடங்குகிறது என்று வைத்தியர்கள் நினைத்திருந்த காலத்தில், கனடாவின் மில்லர் பிஷர் 1951இல் கழுத்தைக் காட்டினார். கழுத்து நாடியில் படியும் கொழுப்பும் சுண்ணாம்பும் உடைந்து துணுக்குத் துணுக்காக மூளைக்கு ஏறுகின்றன, அடைப்பும் அங்கேயே உண்டாகிறது என்றார்.

மூன்றாண்டுக்குள் அதற்குச் செயலில் விடை கிடைத்தது. 1954 மே 19, லண்டன் செயின்ட் மேரீஸ் வைத்தியசாலை. நோயாளி 66 வயதுப் பெண். வலக்கை வலக்கால் திடீரென்று செயலிழந்து, பேச்சுக் குழறி, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகும் தாக்கம் அவருக்கு 33 தடவை வந்திருந்தது. நாடியை இறுக்கி வைக்கும் நேரத்தில் மூளை குருதியின்றித் தவிக்குமே என்ற அச்சம் வைத்தியர்களுக்கு இருந்தது. எனவே ஈஸ்ட்கொட், பிக்கரிங், ரொப் ஆகியோர் ஐஸ் பைகளால் அந்தப் பெண்ணின் உடலை 28 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தார்கள். குளிர்ந்த மூளைக்குக் குறைந்த ஒட்சிசன் போதும். 28 நிமிடத்துக்குள் நோயுற்ற துண்டை வெட்டியெடுத்து, நாடியின் இரு முனைகளையும் இணைத்துத் தைத்து, குருதியைத் திரும்ப ஓடவிட்டார்கள். அதன் பின் அந்தத் தாக்கம் அவருக்கு வரவில்லை. டெக்சாசில் மைக்கேல் டிபேக்கி 1953லேயே கழுத்து நாடியைத் திறந்து படிவைச் சுரண்டியெடுத்திருந்தாலும், அதைப் பல ஆண்டு கழித்துத்தான் வெளியிட்டார். உலகத்தை அசைத்தது லண்டன் அறிக்கைதான்.

பிறகு வந்தது ஆர்வமிகுதியின் காலம். அமெரிக்காவில் இந்தச் சத்திரசிகிச்சை ஆண்டுக்கு இலட்சம் பேரளவில் பெருகியது. அது யாருக்கு நன்மை செய்கிறது, யாருக்கு அதுவே பாரிசவாதத்தைக் கொடுக்கிறது என்று எவரும் ஒழுங்காகக் கணக்கிடவில்லை. பாரிசவாதத்தைத் தடுக்கவென்று கபாலத்துக்கு வெளியே உள்ள நாடியை உள்ளே உள்ள நாடியோடு இணைக்கும் நுண்சத்திரசிகிச்சையை யாசர்கில் என்ற வைத்தியர் 1967இல் செய்து காட்டியபோது எல்லோரும் வியந்தார்கள். 1985இல் 1,377 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு அதனால் பலனில்லை என்று முடித்து வைத்தது. அழகான தையல் எல்லாம் நல்ல சிகிச்சை ஆகாது என்ற பாடத்தை வைத்திய உலகம் அங்கேதான் படித்தது.

கழுத்து நாடிச் சத்திரசிகிச்சைக்கான தீர்ப்பு 1991இல் கிடைத்தது. நாடி 70 முதல் 99 வீதம் ஒடுங்கி, அதனால் ஏற்கெனவே அறிகுறி கண்டவர்களை வட அமெரிக்க ஆய்வொன்று இரண்டு பிரிவாகப் பிரித்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 வீதமானோருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே பக்கத்தில் பாரிசவாதம் வந்தது. சத்திரசிகிச்சை செய்தவர்களில் 9 வீதமானோருக்கு. ஐரோப்பிய ஆய்வும் இதை ஒத்துக்கொண்டது. 2004இல் ஒக்ஸ்போர்ட்டின் பீற்றர் ரொத்வெல் குழு அந்தத் தரவுகளைத் திரும்ப அலசி, வன்னிக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான முடிவைச் சொன்னது: கடைசி அறிகுறி தோன்றி இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பலன், நாள் செல்லச் செல்லப் பலன் கரைந்துவிடும்.

இரண்டு வாரம் என்பது பரந்தனில் அல்லது ஒட்டுசுட்டானில் எப்படிப் போகிறது? “கை கொஞ்ச நேரம் விறைச்சது, வாய் ஒரு பக்கம் கோணிச்சுது, பிறகு எல்லாம் சரியாப் போச்சு” என்பார் ஐயா. சரியாகப் போனதால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருப்பார். கிளினிக்கில் இருந்து கழுத்து நாடி ஸ்கானுக்கு ஒரு திகதி, அதன் பின் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ கடிதம், அங்கே இன்னொரு திகதி. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். ஸ்கானும் கடிதமும் கைக்கு வரும்போது அந்த இரண்டு வாரம் முடிந்திருக்கும். சரியாகிவிட்ட அந்தப் பத்து நிமிடம்தான் பாரிசவாதத்தின் முன்னறிவிப்பு. அதை அன்றே அவசர நோயாகக் கருதுவது சத்திரசிகிச்சைக் கூடம் இல்லாத ஊர் வைத்தியசாலையாலும் முடியும்.

தொடை நாடி வழியாகக் குழாய் செலுத்தி வலைக்குழல் பொருத்தும் முறை வந்தபோது வெட்டுக்காயமே வேண்டாம் என்று மகிழ்ந்தார்கள். குழாய் செல்லும் வழியிலும் படிவு உடையும். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய பாரிசவாதம் வலைக்குழல் பொருத்தியவர்களில் 4.1 வீதம், திறந்து செய்தவர்களில் 2.3 வீதம், மாரடைப்பு எதிர்த்திசையில், 1.1க்கு 2.3 வீதம். தெற்காசியர் உள்ளிட்ட ஆசியர்களில் கழுத்தை விடக் கபாலத்துக்குள் உள்ள நாடிகள் ஒடுங்குவது அதிகம். அங்கேயும் வலைக்குழல் வைத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது: 30 நாளுக்குள் பாரிசவாதம் அல்லது மரணம் வலைக்குழலோடு 14.7 வீதம், தீவிர மருந்துச் சிகிச்சையோடு 5.8 வீதம். நம்மவர்களில் பலருக்கு அஸ்பிரினும் பிறஷர் குளிசையும் கொழுப்புக் குளிசையும் தவறாமல் எடுப்பதே ஆகச் சிறந்த சிகிச்சை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

அந்தக் குளிசைகள் தவறாமல் கிடைக்காத காலம் ஒன்று வன்னிக்கு இருந்தது. 1990களில் ஓமந்தைக்கு அப்பால் சென்ற மருந்துகள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்குக் காத்திருந்தன. ஏ9 வீதி 2002 போர்நிறுத்தத்தோடு திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. 2009இன் முதல் மாதங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகள் இடம்பெயர்ந்தன. தர்மபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன் என்று கிடைத்த கட்டடங்களில் இயங்கின. பெப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல்கள் காயப்பட்டவர்களைத் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றன. எறிகணைச் சிதறல் பட்ட நாடியைக் கட்டுவதா தைப்பதா என்ற கேள்வி, குருதியும் நூலும் மயக்க மருந்தும் குறைந்த அந்தக் கொட்டில்களில் அங்கிருந்த வைத்தியர்களை எதிர்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட நாடிகளைக் கட்டியதால் ஏறத்தாழப் பாதிக் கால்கள் வெட்டப்பட்டன என்றும், கொரியப் போரில் தைத்துச் சீராக்கியதால் அது மிகவும் குறைந்தது என்றும் பாடநூல்கள் சொல்லும். தைப்பதற்கு நேரமும் வெளிச்சமும் வேண்டும்.

போர் முடிந்த பின் வன்னியில் பெருகியது சாதாரணச் சத்திரசிகிச்சை. கண்புரை, குடலிறக்கம், இடுப்பெலும்பு முறிவு, சீனி வியாதியில் அழுகிய விரல். பாரிசவாதம் இங்கேயும் காத்திருக்கிறது. இதயம், மூளை, பெருநாடிச் சத்திரசிகிச்சைகளைத் தவிர்த்து ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011இல் வந்தது. ஆயிரத்தில் ஒருவருக்கு 30 நாளுக்குள் பாரிசவாதம் வந்தது. வயது, முந்திய பாரிசவாதம், சிறுநீரக நோய், பிறஷர் என்று ஆபத்துகள் ஐந்தோ அதற்கு மேலோ சேர்ந்தவர்களில் அது 1.9 வீதம். வந்தவர்களின் மரண ஆபத்தோ எட்டு மடங்கு.

முந்திய பாரிசவாதம் என்றால் எவ்வளவு முந்தியது? டென்மார்க்கின் 2014 ஆய்வு, பாரிசவாதத்துக்குப் பின் வரும் முதல் மூன்று மாதம் அவசரமற்ற சத்திரசிகிச்சைக்கு மிகவும் ஆபத்தான காலம் என்றும், ஒன்பது மாதம் கழிந்தே ஆபத்து ஒரு நிலைக்கு வருகிறது என்றும் கண்டது. 2022இல் பெரிய அமெரிக்க ஆய்வு அந்த எல்லையை 90 நாளாகக் குறைத்தது. குடலிறக்கத்தை மூன்று மாதம் தள்ளிப் போடலாம். இடுப்பெலும்பு முறிவு பொறுக்காது.

நல்லெண்ணமும் கேடு செய்யும் என்று காட்டியது 2008இல் வெளியான ஆய்வு. 23 நாடுகளில் 8,351 பேர். சத்திரசிகிச்சைக்குச் சில மணி நேரம் முன் மெற்றோபுரொலோல் குளிசையைப் புதிதாகத் தொடங்கினால் இதயத்தைக் காக்கலாம் என்று நம்பினார்கள். மாரடைப்புக் குறைந்தது உண்மை. ஆனால் குருதி அமுக்கம் சரிந்து, பாரிசவாதம் 0.5 வீதத்திலிருந்து 1 வீதமாகியது, மரணமும் கூடியது. ஏற்கெனவே அந்தக் குளிசை எடுப்பவர் நிறுத்தக் கூடாது, எடுக்காதவருக்கு அன்று காலை தொடங்கக் கூடாது என்பது அதன் பின் உலக வழக்கமாயிற்று.

வன்னியில் இதைவிடச் சிக்கலான குளிசை வோபரின். சிறுவயதுத் தொண்டை நோவைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சல் இதயத்தின் இருகூர் வால்வை ஒடுக்கும். துடிப்பு ஒழுங்கு தவறும். இதய அறைக்குள் குருதி தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்கு ஏறும். அதைத் தடுக்கத்தான் வோபரின். இப்படிப்பட்டவர்களுக்குப் புதிய வகைக் குளிசைகளைவிட வோபரின் வகையே மேல் என்று 2022இல் உறுதியானது. சத்திரசிகிச்சைக்கு ஐந்து நாள் முன் அதை நிறுத்தி இடைவெளியில் ஹெப்பரின் ஊசி போடுவது நெடுங்கால வழக்கம். துடிப்பு ஒழுங்கற்ற 1,884 பேரில் நடந்த 2015 ஆய்வு, ஊசி போடாதவர்களில் 0.4 வீதமும் போட்டவர்களில் 0.3 வீதமுமே குருதிக்கட்டித் தாக்கம் கண்டனர் என்றது. பெரிய குருதிப்போக்கோ ஊசி போட்டவர்களில் 3.2 வீதம், மற்றவர்களில் 1.3 வீதம். பெரும்பாலானோருக்கு ஊசி வேண்டியதில்லை. உலோக வால்வு பொருத்தியவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை; அவர்களுக்குத் தனித்திட்டம் வேண்டும்.

இதில் ஊருக்குத் தெரிய வேண்டிய விசயம் ஒன்று உண்டு. கண்புரைக்கும் சாதாரணப் பல் பிடுங்கலுக்கும் வோபரினையோ அஸ்பிரினையோ வழமையாக நிறுத்தத் தேவையில்லை. குருதி உறைவு அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். “கண் ஒப்பறேசன் வருது, குளிசையை நிப்பாட்டுவம்” என்று வீட்டிலேயே முடிவெடுத்து, பிறகு தொடங்க மறந்து போகும் அம்மாதான் உண்மையான ஆபத்தில் இருக்கிறார்.

வவுனியாவில் இன்னொரு வகை நாடிச் சிகிச்சை அன்றாடம் தேவைப்படுகிறது. செட்டிகுளம் பக்கம் காரணம் துலங்காத சிறுநீரக நோய் பலரைப் பிடித்திருக்கிறது. குருதி சுத்திகரிப்புக்கு 1966இல் நியூயோர்க்கில் பிரெசியா, சிமினோ ஆகியோர் காட்டிய வழி, மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் இணைப்பது. அது முதிர்வதற்கு வாரக்கணக்காகும். பிந்தி வருபவருக்குக் கழுத்து நாளத்தில் குழாய் போடவேண்டி வரும். ஊசி தவறிப் பக்கத்து நாடிக்குள் போனால் பாரிசவாதம் வரலாம். அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக் குத்தினால் இந்தத் தவறு வெகுவாகக் குறையும்.

சத்திரசிகிச்சையை ஒட்டிய பாரிசவாதங்கள் பெரும்பாலும் கூடத்துக்குள் வருவதில்லை. பின்வரும் நாட்களில், விடுதிக் கட்டிலில் வருகின்றன. வலிநிவாரணியில் அரைத்தூக்கமாக இருப்பவரின் குழறலை மயக்கம் தெளியவில்லை என்று எடுத்துக்கொள்வது இலகு. கட்டியைக் கரைக்கும் மருந்து அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதுவும் அண்மையில் பெரிய வெட்டுக்காயம் இருந்தால் பெரும்பாலும் போட முடியாது. 2015க்குப் பின் நிலைபெற்ற, குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை பெருநகர நிலையங்களின் வேலை. 1990 இலக்க ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் 2018 யூலையில் வடக்குக்கு வந்தது வீட்டிலிருந்து விடுதிக்கு வரும் நேரத்தைக் குறைத்தது. விடுதிக்குள் கழியும் நேரத்தைக் குறைக்க, ஒவ்வொரு முறை பிறஷர் பார்க்கும்போதும் சிரிக்கச் சொல்லி, இரு கையும் தூக்கச் சொல்லி, பேரைக் கேட்கும் தாதி வேண்டும்.

வெளியே தெரியாதவையும் உண்டு. 2019இல் வந்த ஆய்வொன்று 65 வயதுக்கு மேற்பட்ட 1,114 பேரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. 14 பேரில் ஒருவருக்கு யாரும் கவனிக்காத சிறு பாரிசவாதம் நடந்திருந்தது. ஓராண்டுக்குள் அவர்களில் நினைவாற்றல் சரிவு கூடுதலாக இருந்தது. ஒப்பறேசனுக்குப் பின் தடுமாறும் முதியவரை வயசு போயிட்டுது என்று ஒதுக்காமல் விசாரிப்பதற்கு இது போதிய காரணம்.

விடை பெறும் நாளில் கிளினிக் கொப்பியில் நான்கு வரி தமிழில் எழுதப்பட வேண்டும்: எந்தக் குளிசை நிறுத்தப்பட்டது, எந்தத் திகதியில் தொடங்க வேண்டும், அடுத்த குருதி உறைவுச் சோதனை எங்கே, ஒரு பக்கம் விறைத்தால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது. துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ உள்ள வீட்டில் அந்தக் கொப்பியை வாசிக்கப் போவது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைதான்.