பாம்பு, பிலிம், கோர்ட்டு

இன்னைக்குக் கொஞ்சம் அறிவியல் வரலாறு மக்கா. பயப்படாம படிங்க.

1896-ல பெக்கரல் யுரேனிய உப்பைக் கறுப்புத் தாள் சுத்தின போட்டோ தகடு மேல வச்சாரு. வெளிச்சமே படாம தகட்டுல தடம் விழுந்துச்சு. 1904-ல லண்டன் என்ற ஆராய்ச்சியாளர் (ஊர் இல்ல, ஆளு பேரே அதுதான்) ரேடியம் வாயு ஏத்தின தவளையைத் தகட்டு மேல கிடத்த, தவளை தன் படத்தைத் தானே எடுத்துக்கிச்சு! 1924-ல லக்கசாஞ் பாரீஸ்ல பொலோனியம் உடம்புல எங்க தங்குதுன்னு இதே வழியில கண்டுபிடிச்சாரு. ஆட்டோரேடியோகிராஃபி பிறந்த கதை இதுதான்.

இது நம்ம நாட்டுக் கோர்ட்டு வரைக்கும் வந்தது எப்படி? அதுக்கு ஒரு பாம்பு வேணும். லால்ஜி சிங், உத்தரப்பிரதேசத்துக் கிராமத்துக்காரர். மஞ்சளும் கறுப்புமா பட்டை போட்ட கட்டுவிரியனோட டி.என்.ஏ-வை ஆராய்ஞ்சவர். (எங்க திருவேங்கடம் கரிசக்காட்டுல ராத்திரி அலையுறது வேற கட்டுவிரியன்; கடிச்சா ரெண்டும் ஒண்ணுதான்.) அதுல திரும்பத் திரும்ப வர்ற ஒரு துண்டு மனுசன்கிட்டயும் இருக்கு, ஆளுக்கு ஆள் மாறுது. ஐதராபாத் சிசிஎம்பி-யில 1988 வாக்குல இதை வச்சே கைரேகை மாதிரி அடையாளம் காணும் முறையை உண்டாக்கினாரு. இங்கிலாந்துல ஜெஃப்ரிஸ் 1984-லயே வேற துண்டை வச்சு இதைச் செஞ்சிருந்தார்.

செய்முறை இதுதான். ரத்தத்துல இருந்து டி.என்.ஏ எடுத்து, நொதியால வெட்டி, ஜெல்லுல கரண்ட் விட்டு நீளவாரியாப் பிரிச்சு, ஒரு சவ்வுக்கு மாத்தணும். அதுமேல பாஸ்பரஸ்-32 ஏத்தின துண்டை ஊத்தினா, ஜோடி உள்ள இடத்துல மட்டும் போய் ஒட்டிக்கும். அப்புறம் இருட்டுல எக்ஸ்ரே பிலிமை மேல வச்சு, உறையுற குளிர்ல நாள்கணக்கா விட்டுரணும். அவசரப்பட்டா ஒண்ணும் தெரியாது. கழுவினா கறுப்புக் கறுப்பாக் கோடுங்க. பிள்ளையோட கோடுங்கள்ல அம்மாகிட்ட இல்லாதது எல்லாம் அப்பாகிட்ட இருந்தாகணும்.

1989-ல கேரளா தலச்சேரியில ஒரு பிள்ளைக்கு ஜீவனாம்ச வழக்கு. 'நான் அப்பன் இல்ல'ன்னு அந்தாளு சாதிச்சான். லால்ஜி சிங் கூண்டேறி அந்தக் கோடுகளை விளக்கினாரு. அப்பன் அவன்தான்னு தீர்ப்பாச்சு. 1991-ல கேரள உயர்நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சுது. இந்தியக் கோர்ட்டுல டி.என்.ஏ சாட்சியம் ஏறினது அதுதான் முதல் தடவை. ஊர்வாய்க்குப் பயந்து வாழ்ந்த ஒரு தாய்க்கு அந்தப் பிலிம் என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பின்னாடி ராஜீவ் காந்தி கொலை வழக்குலயும், விராலிமலை பிரேமானந்தா வழக்குலயும் டி.என்.ஏ சோதனை வந்துச்சு. லால்ஜி சிங் 2017-ல இறந்துட்டார். இப்ப கதிரியக்கமும் வேண்டாம், பிலிமும் வேண்டாம்; ஒளிரும் சாயம் போட்டு மெஷினே படிச்சுச் சொல்லிருது.